அவள் சொன்ன முகம்

கெங்கவல்லிக்குத் தெற்கே, தார்ச்சாலையை விட்டு உள்ளே போகும் மண்தடத்தின் கடைசியில் நிலத்துக்குள்ளேயே கட்டிய இரண்டு காட்டுக்கொட்டாய் வீடுகள் இருந்தன. ஒன்றில் கோகிலவாணி தனியாக இருந்தாள். மற்றதில் அவள் கணவனின் பங்காளி பெரியசாமியும் அவர் மனைவி உண்ணாமலையும் இருந்தார்கள். நடுவே மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடு. கோகிலவாணியின் கணவன் செத்த வருஷமே பெரியசாமி தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு, இனி இந்த வழியாக டிராக்டர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கிழங்கு வெட்டும் காலத்தில் அவள் ஆள்விட்டுத் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றினாள். அவளுடைய ஒரே மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம், சந்தை நாள் மதியம். பெரியசாமி ஆத்தூருக்குப் போயிருந்தார். கோகிலவாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. கிழங்கு வியாபாரி என்று நினைத்து எழுந்தாள். உள்ளே வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வெயில் கொளுத்தும்போது மழைக்கோட்டு போட்டிருந்தான். அவளைச் சுவரோடு தள்ளிக் கீழே உட்கார வைத்து, கழுத்தில் கத்தியை வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. வாசற்கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்தான். அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினான். மூக்கிலிருந்து கீழே துணி கட்டியிருந்தது. சுருங்கிய இரண்டு கண்கள், பொடி எழுத்தைப் படிப்பதுபோல அவள் முகத்துக்கு மிக அருகே வந்தன. ஒரு பேச்சும் இல்லை. கத்தியை அழுத்தினான், எடுத்தான், மறுபடி அழுத்தினான். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தான்.

அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த வூட்டுக்குப் போ. அவ கழுத்து நெறையப் போட்டிருக்கா. தனியாத்தான் இருக்கா."

அவன் அதைக் கேட்டுக்கொண்டான். கண்ணோரம் சுருங்கியது. துணிக்குள் சிரித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்தவன், ஏதோ ஞாபகம் வந்தவன்போலத் திரும்பி அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். உண்ணாமலை வீட்டுப் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்ன கோகிலவாணி, தான் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் பொறுமையான மனிதர். கண்ணும் புருவமும்தான் தெரிந்தது என்று அவள் சொன்னபோது, அது போதும், அதை வைத்தே முழு முகத்தையும் கொண்டுவந்துவிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றார். ஆட்டையாம்பட்டி ஜெகதீஸ்வரன். சேலம், நாமக்கல் பக்கம் வசதியான வீடுகளில் செத்தவர்களின் படம் என்று ஆளுயரத்துக்கு மாட்டியிருப்பதில் பாதி அவர் வரைந்தது. செல்போனில் எடுத்த மங்கலான போட்டோவைக் கொடுத்தால் போதும், போனவர் நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி வரைந்துவிடுவார். போலீஸ் கூப்பிட்டால் வந்து அடையாளப் படமும் வரைந்து தருவார்.

இரண்டு நாள் கழித்து ஜெகதீஸ்வரன் ஒரு கான்ஸ்டபிளோடு அவள் வீட்டுக்கே வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் எங்கோ தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன. வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டார். அவசரமில்லைங்க, மெதுவாகச் சொல்லுங்க என்றார். புருவம் அடர்த்தியா, கண்ணுக்குக் கீழே பை மாதிரி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே கோடு இழுத்தார்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பெரியசாமி தடத்து முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கான்ஸ்டபிளைப் பார்த்தும் அவர் அடங்கவில்லை.

"திருடன் வந்தானா, இல்ல இவ வரச்சொன்னவன் வந்தானான்னு மொதல்ல வெசாரிங்க," என்றார்.

கோகிலவாணி எழுந்துபோய் மண்ணை வாரித் தூற்றினாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். கான்ஸ்டபிள் இருவரையும் அதட்டினார். ஜெகதீஸ்வரன் பெரியசாமியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பென்சிலைச் சீவிக்கொண்டு மீண்டும் ஆரம்பித்தார். அதற்குமேல் அதிகம் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் காட்டினார். கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்துவிட்டு, முள்வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். படத்தில் இருந்தது பெரியசாமி. அச்சு அசல் இல்லை, கொஞ்சம் இளைத்த பெரியசாமி. ஆனால் அந்த ஊரில் யார் பார்த்தாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

"இவருதானுங்களா?" என்று ஜெகதீஸ்வரன் கேட்டார்.

இல்லை என்று அவளுக்குத் தெரியும். வந்தவன் கைகள் மெலிந்தவை. பெரியசாமியின் கைகள் மண்வெட்டி பிடித்துக் காய்த்தவை. சந்தைக்குப் போன மனிதர் எப்படி வந்திருக்க முடியும் என்றும் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, முள் வெட்டிப்போட்ட நாளும், தலைச்சுமையும், சற்று முன் கேட்ட வார்த்தையும் ஒன்றாகச் சேர்ந்து மேலே வந்தன.

"ஆமாம்," என்றாள்.

செய்தி போலீஸ் ஜீப்பை முந்திக்கொண்டு ஊருக்குள் போயிற்று. டீக்கடையில் நின்ற பெரியசாமியை நாலைந்து இளவட்டங்கள் இழுத்துப்போட்டு அடித்தார்கள். இடது காதில் ரத்தம் வந்தது. ஆத்தூர் சந்தையில் அவரைப் பார்த்ததாகச் சொல்ல வந்தவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள். அவரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

உண்ணாமலை தினமும் காலையில் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சாபம் விட்டாள். கோகிலவாணி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். முதல் சில நாள் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்தது. டிராக்டரை வரச்சொல்லி முள்ளைத் தள்ளிவிட்டுக் கிழங்கை ஏற்றினாள். பிறகு தூக்கம் போயிற்று.

இடையில் ஜெகதீஸ்வரன் இரண்டு மூன்று முறை போன் செய்தார். எப்படி இருக்கீங்க, பயம் தெளிஞ்சுதுங்களா என்று விசாரித்தார். அவள் கணவனின் போட்டோவை அனுப்பச் சொல்லி, அவர் படத்தைத் தானே வரைந்து தருவதாகவும் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. நல்ல மனிதர் என்று நினைத்தாள்.

பங்குனி கடைசியில் ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு அதே மாதிரி நடந்தது. ஹெல்மெட், மழைக்கோட்டு, கழுத்தில் கத்தி. ஜன்னலைத் திறந்தான் என்று அந்தப் பெண் சொன்னதாகக் கேட்டதும் அதே ஆள்தான் என்று கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது. பெரியசாமி அப்போதும் ஜெயிலில்தான் இருந்தார். இது ஒரு கும்பலாக இருக்கும், இவன் அதில் ஒருவன் என்று போலீசில் சொன்னார்கள்.

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வேறு வழி ஒன்று யோசித்தாள். கண்ணை மட்டும் வைத்து வரைந்தது, மிச்சமெல்லாம் என் ஊகம்தான் என்று ஓவியரே போலீசில் சொல்லிவிட்டால் போதும். தன்மீது ஒன்றும் வராது, பெரியசாமியும் வெளியே வந்துவிடுவார். அப்படி நினைத்துக்கொண்டுதான் ஆத்தூர் போய் சேலம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டையாம்பட்டியில் போய் இறங்கினாள்.

ஜெகதீஸ்வரன் வீட்டு ஜன்னல்களிலெல்லாம் இரட்டைக் கம்பி அடித்திருந்தது. கிரில் கேட்டில் இரண்டு பூட்டு. அவர் மனைவி தனப்பிரியா உள்ளிருந்தபடியே யார், எந்த ஊர், என்ன விஷயம் என்று நிறையக் கேட்டுவிட்டுத்தான் திறந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க்கா. எனக்கும் ஒருக்கா உங்களுக்கு ஆன மாதிரியே ஆயிருச்சு," என்றாள்.

ஆறு வருஷம் முன்பாம். கணவர் நாமக்கல்லுக்குப் படம் கொடுக்கப் போயிருந்த நாளில் ஹெல்மெட் போட்ட ஒருவன் உள்ளே புகுந்துவிட்டான். கத்தியைக் காட்டினான், கம்மலைக் கழற்றிக்கொண்டு போனான். கணவர்தான் பிறகு கம்பி அடித்து, பூட்டு வாங்கி, ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். இன்னும்கூடத் தனியாகக் கடைக்குப் போக முடிவதில்லை. தனப்பிரியா இதைக் காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். கோகிலவாணிக்கு அவள்மேல் பிரியம் வந்தது. அவன் ஜன்னலைத் திறந்தானா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

அவர் வர நேரமாகும் போலிருந்தது. உங்க வீட்டுக்காரர் படம் முடிஞ்சிருந்தா எடுத்துத் தரேன், மாடிக்கு வாங்க என்றாள் தனப்பிரியா.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவர் முழுக்கச் செத்தவர்கள். மீசைக்காரர்கள், சுமங்கலிகள், கல்லூரி போகும் வயதில் விபத்தில் போன பையன்கள். எல்லா முகத்திலும் ஒரே அமைதி. கோகிலவாணியின் கணவன் படம் அங்கே இல்லை. மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பிச் சாத்தி, பழைய போர்வையால் மூடிய படங்கள் சில இருந்தன. ஈரமாக இருக்கும், தொடாதே என்று கணவர் எப்போதும் சொல்வதால் தனப்பிரியா அந்தப் பக்கம் போவதில்லை. அன்றைக்கு, வந்தவள் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று போர்வையை விலக்கினாள். இரண்டாவதாக இருந்ததை இழுத்துத் திருப்பினாள்.

"ஏனுங்க்கா, இது நீங்கதானுங்களே," என்றாள் சந்தோஷமாக.

கோகிலவாணிதான். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது. முந்தானை பல்லுக்கிடையில் இருந்தது. கண்கள் பிதுங்கி, மூக்கு விரிந்து, கழுத்தில் கத்தி அழுந்திய இடம் வெளுத்திருந்தது. முந்தானையைக் கடித்ததை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. மேலே நின்று குனிந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தது.

தனப்பிரியாவின் சிரிப்பு மெல்லப் போயிற்று. படத்தின் மூலையில் 'ஆதன்' என்று கையெழுத்து இருந்தது. "இது அவரு கையெழுத்து இல்லீங்க. வேற யாரோடதோ," என்றாள். சொல்லிவிட்டு அடுத்ததைத் திருப்பினாள். யாரோ ஒரு கிழவி, அதே பார்வை. அதற்கடுத்தது, வாயைச் சுற்றி வெண்தழும்பு படர்ந்த ஒரு பெண். கடைசியில் இருந்த படம் மற்றவற்றைவிடச் சிறியது. அதைத் திருப்பியதும் தனப்பிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அவளுடைய முகம். ஒரு காதில் கம்மல் இருந்தது. மற்றக் காதுக்கு ஓர் ஆணின் கை போய்க்கொண்டிருந்தது.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரன் கையில் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் கேனோடு உள்ளே வந்தான். படங்களையும் அவர்களையும் பார்த்தான். கேனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். கண்ணாடி இல்லாத கண்கள் சுருங்கின. கோகிலவாணிக்கு அதற்குமேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

"தொடாதேன்னு சொன்னேனே, தனம்," என்றான்.

தனப்பிரியா தன் படத்தைக் காட்டி ஏன் என்று மட்டும் கேட்டாள்.

"வருசக்கணக்கா பொணத்து மூஞ்சியவே வரைஞ்சுட்டு இருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி. உசுரோட ஒரு மூஞ்சி வேணும்னு இருந்துச்சு. நீ எப்பவும் சிரிச்சுட்டே இருப்பே. அதுல என்ன இருக்குது?" கடையில் விலை விசாரிப்பவன்போலச் சாதாரணமாக மனைவியிடம் பேசினான். "இன்னும் சொல்லப்போனா உன்னுதுதான் இதுல நல்லா வந்தது."

பிறகு கோகிலவாணியின் பக்கம் திரும்பினான். போலீசுக்குத்தானே போவீர்கள், போங்கள் என்றான். பெரியசாமிதான் என்று கையெழுத்துப் போட்டது யார்? நான் வரைந்து காட்டித்தானே கேட்டேன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவர் வேலியில் வந்து நின்றபோது அவள் முகத்தில் தெரிந்தது பயத்தைவிடப் பெரிதாக இருந்ததாம். அதைத்தான் வரைந்தானாம்.

"உண்ணாமலை தனியாத்தான் இருக்கான்னு எனக்கு வழி சொன்னீங்களே," என்றான். "அதையும் சேர்த்துச் சொல்லுவீங்களா?"

அவன் அருகில் வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. இந்த முகத்தையும் அவன் எடுத்துக்கொண்டு போகப் போகிறான் என்று நினைத்தபோது பயத்துக்குப் பதிலாக அருவருப்பு வந்தது. அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

அவன் கண்ணைத் துடைத்த நேரத்தில் தனப்பிரியா எழுந்தாள். கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து, இரும்புக் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தத் தாழ்ப்பாளும் அவளுடைய பாதுகாப்புக்கென்று அவன் போட்டுக் கொடுத்ததுதான். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, போன் பண்ணுங்க்கா என்றாள்.

பாலசுந்தரம் முதலில் நம்பவில்லை. அன்றைக்கு அந்த ஆள், இன்றைக்கு இந்த ஆளா, போலீஸ் என்ன உங்கள் வீட்டு வேலைக்காரனா என்று சத்தம் போட்டார்.

"அன்னிக்குச் சொன்னது பொய் சார்," என்றாள் கோகிலவாணி. "தெரிஞ்சேதான் சொன்னேன். எனக்கும் அந்தாளுக்கும் ஆகாது, அதனால சொன்னேன். என்னையும் புடிச்சு உள்ள போடுங்க. இப்ப ஆள அனுப்புங்க."

பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்வதாக அவர் சொன்னார்.

போலீஸ் வரும்வரை உள்ளே இருந்தவன் முதலில் மனைவியைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அவள் குடும்பத்தையே கேவலமாகத் திட்டினான். கதவை உதைத்தான். அப்புறம் சத்தமே இல்லை. கதவுக்கு அடியிலிருந்து டர்பன்டைன் வாடை வந்தது. எல்லாவற்றையும் கொளுத்தப் போகிறான், ஒரு சாட்சியும் மிஞ்சாது என்று கோகிலவாணி பதறினாள்.

"கொளுத்த மாட்டானுங்க்கா," என்றாள் தனப்பிரியா. "அதை மட்டும் பண்ணமாட்டான்."

போலீஸ் கதவைத் திறந்தபோது படங்களெல்லாம் எதிர்ச் சுவரோரம் வெளிச்சம் படும்படி வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து டர்பன்டைனில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். முதலில் உள்ளே போன ஏட்டிடம், கடைசியாக வரைந்தது இன்னும் காயவில்லை, கை வைத்துவிடாதீர்கள் என்று சொன்னான். அது ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்ணின் முகம்.

விசாரணையில் மிச்சமெல்லாம் வந்தது. ஆதன் என்ற பெயரில் அவன் பெங்களூரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தான். அங்கே நீளமான முடியும் ஜிப்பாவுமாக இருந்த அவனை ஊர் ஆட்கள் பார்த்தால் அடையாளம் தெரிந்திருக்காது, முடி செயற்கை முடி. பெரிய வீடுகளின் வரவேற்பறைகளில் அவன் விற்ற, இதே மாதிரிப் பெண்களின் முகங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. கிராமத்துப் பெண்களின் பயத்தை இவ்வளவு உண்மையாக வரைய எப்படி முடிகிறது என்று அவனிடம் கேட்டு இங்கிலீஷ் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். கற்பனை என்று பதில் சொல்லியிருந்தான்.

பெரியசாமி வெளியே வந்தார். இடது காது கேட்காமலே போய்விட்டது. பொய்ப் புகார் கொடுத்ததற்காகக் கோகிலவாணி மீதும் வழக்குப் போட்டார்கள். அவள் மறுக்கவில்லை.

கோர்ட்டில் சாட்சி சொல்லும் நாள் வந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று இது நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. வெண்தழும்புப் பெண் பாதியில் அழுது வெளியே போனாள். தனப்பிரியா நிமிர்ந்து நின்று சொன்னாள். குற்றவாளிக் கூண்டிலிருந்தவன் தடித்த கண்ணாடி வழியாக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கோகிலவாணியின் முறை வந்தபோது, வந்தவனிடம் நீங்கள் ஏதாவது பேசினீர்களா என்று அவன் வக்கீல் கேட்டார். எங்கிருந்து கேள்வி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்லலாம். சொன்னால் மறுக்க அவன் ஒருவன்தான் உண்டு, மறுத்தால் அங்கே இருந்ததை அவனே ஒப்புக்கொண்டதாகும். கடைசி பெஞ்சில் பெரியசாமியும் உண்ணாமலையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேசினேன்," என்றாள். "பக்கத்து வூட்டுல உண்ணாமலை அக்கா தனியா இருக்கா, அங்க போன்னு சொன்னேன்."

பெரியசாமி கேட்கிற காதை மனைவி பக்கம் திருப்பி, என்ன சொன்னாள் என்று கேட்டார். உண்ணாமலை கோகிலவாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி போகும் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. கோகிலவாணிக்கு இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் உண்ணாமலை ஏறினாள். பெரியசாமி பின்பக்கம் தொற்றிக்கொண்டார். கோகிலவாணியின் பக்கத்தில் இருந்த கிழவர் இறங்கிப் போக, அந்த இடம் காலியானது. கோகிலவாணி நகர்ந்து இடம் விட்டு, உக்காருங்கக்கா என்றாள்.

உண்ணாமலை மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"அவனாவது கத்தியோட வந்தான்," என்றாள்.

ஊர் வரும்வரை அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது கோகிலவாணி பக்கத்தில் உட்கார வந்தால், ஆள் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.